கிளவுட் கணக்கின் தலைமைச் சாவி: நிர்வாகி உரிமையைப் பாதுகாப்பது எப்படி?

பினாங்கு லெபோ பாசாரில் மளிகைச் சரக்கு இறக்குமதி செய்யும் ஒரு கடையின் மாடி அறையில் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை உட்கார்ந்திருந்தேன். கடையின் கணக்குவழக்கு, கிடங்கு இருப்பு, வாடிக்கையாளர்களின் பற்றுவரவு எல்லாம் கிளவுடில் ஓடும் ஒரு மென்பொருளில் இருந்தன. மாதக் கட்டணம் திடீரென்று இரு மடங்காகியிருப்பதன் காரணத்தைக் கண்டுபிடித்துச் சொல்வதே எனக்குத் தரப்பட்ட வேலை. "அட்மின் கணக்கு யார் கையில் இருக்கிறது, ஐயா?" என்று முதலாளியைக் கேட்டேன். அவர் படிக்கட்டுப் பக்கம் திரும்பி, "தம்பி, அந்தக் கிளவுட் பாஸ்வேர்டை அண்ணனுக்குக் காட்டுப்பா" என்று குரல் கொடுத்தார். மேலே வந்த இளைஞர் வாட்ஸ்அப்பைத் திறந்து, கடை ஊழியர் குழுவின் உச்சியில் குத்தி வைக்கப்பட்டிருந்த செய்தியைக் காட்டினார். ஒரே வரியில் மின்னஞ்சல் முகவரியும் கடவுச்சொல்லும் இருந்தன. குழுவில் 14 பேர் இருந்தார்கள். அவர்களில் இருவர் வேலையை விட்டுப் போய்ப் பல மாதங்கள் ஆகியிருந்தன. "அவன்கள் நல்ல பிள்ளைகள், ஒன்றும் செய்ய மாட்டான்கள்" என்றார் முதலாளி. அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அவர்கள் கொம்தார் பேருந்து நிலையத்தில் தவறவிடும் கைப்பேசியைக் கண்டெடுப்பவரும் நல்ல பிள்ளையாகவே இருப்பார் என்று எவரும் உறுதி சொல்ல முடியாது.

கிளவுட் கணக்கை இப்போதுதான் பயன்படுத்தத் தொடங்கியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நிர்வாகி (அட்மின்) உரிமை, அதாவது கணக்கில் எதையும் மாற்றவும் அழிக்கவும் முடியும் அதிகாரம், ஒருவருடைய நாணயத்திற்குத் தரப்படும் சான்றிதழ் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அதனால்தான் அதைக் கொடுக்க மறுத்தால் மனம் நோகும் என்று அஞ்சி எல்லோருக்கும் கொடுத்துவிடுகிறோம். உண்மையில் அது ஒரு கருவி. வேலை இருக்கும்போது எடுத்து, வேலை முடிந்ததும் திருப்பி வைக்க வேண்டிய கருவி.

மேகக்கணிமை என்ற அழகான பெயர் இருந்தாலும், கிளவுட் என்பது வாடகைக் கணினிதான். அமேசான், மைக்ரோசாஃப்ட், கூகுள் போன்ற நிறுவனங்கள் தங்கள் தரவு மையங்களில் வைத்திருக்கும் இயந்திரங்களின் ஒரு பங்கை நாம் கட்டணம் கட்டிப் பயன்படுத்துகிறோம். 2024 ஆகஸ்டில் அமேசான் வெப் சர்வீசஸ் தன் மலேசிய வட்டாரத்தை, அதாவது இந்நாட்டுத் தரவு மையத் தொகுதியை, தொடங்கியது. 2025 மே மாதத்தில் மைக்ரோசாஃப்ட்டும் தொடங்கியது. அதன்பிறகு, ‘தரவு நம் நாட்டிலேயே இருப்பதால் பாதுகாப்பாகத்தான் இருக்கும்’ என்ற பேச்சை அடிக்கடி கேட்கிறேன். தரவு எந்த நாட்டில் இருக்கிறது என்பது சட்டத்திற்கும் வேகத்திற்கும் முக்கியம்தான்; ஆனால் கடவுச்சொல் பறிபோய்விட்டால் அந்த இயந்திரம் சைபர்ஜெயாவில் இருந்தாலும் சிங்கப்பூரில் இருந்தாலும் திருடனுக்கு ஒன்றுதான்.

நான் வேலை பழகியது பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் சர்வர் அறையில். அங்கே ஒரு சர்வரை அழிக்க நினைப்பவன் காவலாளியைத் தாண்டி, வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டு, அட்டையைத் தட்டிக் கதவைத் திறந்து, குளிரூட்டிய அறைக்குள் நுழைந்தாக வேண்டும். அப்படியே நுழைந்தாலும் காப்பு நாடாக்கள் வேறொரு கட்டடத்தில் இருக்கும். கிளவுடில் இத்தனை தடைகளும் ஒரே ஒரு இணையப் பக்கமாகச் சுருங்கிவிடுகின்றன. அந்தப் பக்கத்தில் நிர்வாகியாக நுழைந்தவர் சர்வர்களையும், தரவுத்தளங்களையும், அவற்றின் காப்புப் பிரதிகளையும் உலகின் எந்த மூலையிலிருந்தும் அழித்துவிட முடியும்.

இது வெறும் அச்சுறுத்தல் அல்ல. மூல நிரல்களைச் சேமித்துத் தரும் கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனத்திற்கு 2014 ஜூன் மாதத்தில் இதுதான் நேர்ந்தது. அவர்களுடைய அமேசான் கட்டுப்பாட்டுப் பக்கத்திற்குள் நுழைந்த ஒருவன் பணம் கேட்டு மிரட்டினான். நிறுவனத்தார் கடவுச்சொற்களை மாற்றி அவனை வெளியேற்ற முயன்றார்கள். அவனோ முன்கூட்டியே வேறு சில உள்நுழைவுகளை உருவாக்கி வைத்திருந்தான். அவர்கள் கணக்கை மீட்க முயல்வதைக் கண்டதும் அவன் அழிக்கத் தொடங்கினான். ஏறத்தாழ 12 மணி நேரத்தில் பெரும்பாலான தரவுகளும், வேறிடத்தில் இருப்பதாக அவர்கள் நம்பியிருந்த காப்புப் பிரதிகளும் போய்விட்டன. அந்த நிறுவனம் அத்துடன் கடையை மூடியது. காப்புப் பிரதி எத்தனை இருந்தாலும், எல்லாவற்றையும் ஒரே சாவி திறக்கும் என்றால் அவையெல்லாம் ஒரே பெட்டியில் இருப்பதாகத்தான் பொருள்.

முதலாளியின் கையெழுத்து

கிளவுட் கணக்கைத் திறக்கும்போது முதலில் உருவாகும் உள்நுழைவுதான் எல்லாவற்றிலும் வலிமையானது. அமேசானில் இதற்கு ரூட் பயனர் என்று பெயர். பதிவு செய்தபோது கொடுத்த மின்னஞ்சல் முகவரிதான் அதன் அடையாளம். மைக்ரோசாஃப்ட்டில் குளோபல் அட்மினிஸ்ட்ரேட்டர் என்றும், கூகுளில் சூப்பர் அட்மின் என்றும் சொல்வார்கள். மூன்றும் அச்சாக ஒன்றல்ல. எடுத்துக்காட்டாக, மைக்ரோசாஃப்ட்டின் குளோபல் அட்மினிஸ்ட்ரேட்டர் ஊழியர்களின் அடையாளக் கோப்பகத்தை ஆள்பவர். அந்நிறுவனத்தின் கிளவுட் சேவையான அஷூரில் ஓடும் சர்வர்கள்மேல் அவருக்கு இயல்பாக உரிமை இல்லை என்றாலும், ஓர் அமைப்பை மாற்றி அந்த உரிமையையும் தனக்கே கொடுத்துக்கொள்ள அவரால் முடியும். ஆகவே நடைமுறையில் மூன்றையும் ஒரே கவனத்துடன் கையாள வேண்டும்.

அமேசானின் ரூட் பயனருக்கு ஒரு தனித்தன்மை உண்டு. மற்ற பயனர்களுக்கு ‘இதைச் செய்யலாம், அதைச் செய்யக் கூடாது’ என்று எழுதும் அனுமதி விதிகள் ரூட்டைக் கட்டுப்படுத்துவதில்லை. பல கணக்குகளை ஒரே குடையின்கீழ் கொண்டுவந்த நிறுவனங்கள் மட்டுமே, கிளைக் கணக்குகளின் ரூட்டுக்கு மேலிருந்து வரம்பு விதிக்க முடியும். 2024 நவம்பர் முதல் அந்தக் கிளை ரூட்டுகளின் கடவுச்சொல்லையே நீக்கிவிடும் வசதியும் வந்திருக்கிறது. ஒற்றைக் கணக்கு வைத்திருக்கும் சிறு வணிகருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. அவருடைய ரூட் எதையும் செய்யும், கணக்கை மூடுவது உட்பட.

இதை விளக்க எனக்குத் தெரிந்த நல்ல உவமை, கடையிலிருந்து சில அடி தொலைவில், பினாங்கு ஸ்திரீட்டில் முன்பு இருந்த, செட்டியார்கள் வட்டித்தொழில் நடத்திய கிட்டங்கிகள்தான். தொழிலின் முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். இங்கே அவர் பெயரில் வட்டிக்கடையை நடத்த மேலாள் ஒருவர் தவணைக் கணக்கில் கப்பலேறி வருவார். அவருக்கு உதவியாக அடுத்தாள். எடுபிடி வேலைக்கும் பெட்டிக்கும் பெட்டியடிப் பையன். மேலாளுக்கு எழுத்து மூலமான அதிகாரம் உண்டு, அதற்குக் காலவரம்பும் உண்டு, தவணை முடிந்தால் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்ப வேண்டும். அடுத்தாள் பேரேட்டை எழுதுவார். ஆனால் மேலாளின் அதிகாரம் அவருக்கு இல்லை. ஒவ்வொரு கடன் சீட்டுக்கும் முதலாளியே கையெழுத்திட வேண்டும் என்று யாரும் எதிர்பார்த்ததில்லை. அப்படிச் செய்திருந்தால் அந்தக் கையெழுத்தைப் பார்த்துப் பழகிய ஆயிரம் பேரில் ஒருவராவது அதைப் போடக் கற்றிருப்பார். ரூட் கணக்கு அந்த முதலாளியின் கையெழுத்து. கணக்கைத் திறந்த அன்று அதைப் பயன்படுத்தி ஒரு மேலாளை நியமியுங்கள். பிறகு அதைப் பூட்டி வையுங்கள். கணக்கை மூடுவது, ரூட்டின் மின்னஞ்சலை மாற்றுவது, எல்லா நிர்வாகிகளும் தங்கள் உரிமையை இழந்து வெளியே நின்றால் திரும்பக் கொடுப்பது போன்ற அரிய வேலைகளுக்கு மட்டும் அது வெளியே வந்தால் போதும்.

ரூட்டைப் பூட்டுவது என்றால் கடவுச்சொல்லை நீளமாக வைப்பதோடு முடிவதில்லை. அதன் மின்னஞ்சல் யாருடையது என்பதை முதலில் பாருங்கள். நான் பார்த்த சிறு நிறுவனங்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் அது மென்பொருளை அமைத்துக் கொடுத்த பகுதிநேர நிரலாளரின் சொந்த முகவரியாகவே இருந்தது. அவர் நேர்மையானவராக இருந்தாலும், ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தபின் தொலைபேசியை எடுக்காதவராக இருக்கலாம். முகவரி நிறுவனத்தின் சொந்த டொமைனில் (இணையப் பெயரில்), பொறுப்பான இரண்டு மூன்று பேர் படிக்கக்கூடிய பொது முகவரியாக இருக்க வேண்டும். அந்த டொமைனின் ஆண்டுப் புதுப்பிப்பையும் மறந்துவிடக் கூடாது. அது காலாவதியாகி வேறொருவர் வாங்கிவிட்டால், ‘கடவுச்சொல்லை மறந்துவிட்டேன்’ என்று அழுத்தும்போது வரும் கடிதம் அவருக்குத்தான் போகும். தொடர்பு எண்ணாகக் கொடுத்த ப்ரீபெய்ட் எண்ணும் அப்படியே. பணம் போடாமல் விட்ட எண் சில மாதங்களில் வேறொருவரின் கைப்பேசியில் ஒலிக்கத் தொடங்கும். மீட்பு வழி என்பதும் ஒரு கதவுதான். முன்கதவுக்கு இரும்புச் சட்டம் போட்டுவிட்டுப் பின்கதவைக் கொக்கியில் விடுவது வழக்கமான பிழை.

டேக் எண் கற்றுத் தந்த பாடம்

கடவுச்சொல் ஒன்றை மட்டும் நம்பக் கூடாது என்பதை மலேசியர்களுக்கு விளக்க அதிகம் பாடுபட வேண்டியதில்லை. வங்கிப் பரிமாற்றத்தின்போது கைப்பேசிக்கு வரும் டேக் எண்ணை நாம் எல்லோரும் தட்டச்சு செய்திருக்கிறோம். அது போதாது என்பதையும் பலர் பணத்தை இழந்து கற்றார்கள். மலேசியாவின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2022 செப்டம்பரில், குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறைக் கடவு எண்ணைக் கைவிட்டு இன்னும் உறுதியான முறைக்கு மாறும்படி வங்கிகளைக் கேட்டுக்கொண்டது. அதனால்தான் இப்போது வங்கிச் செயலியிலேயே ‘ஏற்கிறேன்’ என்று அழுத்துகிறோம். குறுஞ்செய்தியின் குறை என்னவென்றால், ஆள்மாறாட்டம் செய்து உங்கள் எண்ணுக்கு வேறொரு சிம் அட்டை வாங்கியவருக்கும், உங்கள் கைப்பேசியில் போலிச் செயலியை நிறுவச் செய்தவருக்கும் அது போய்ச் சேரும்.

கிளவுட் நிர்வாகியின் இரண்டாவது பூட்டுக்குப் பொதுவாக மூன்று தெரிவுகள் இருக்கின்றன. முதலாவது, கைப்பேசிச் செயலி காட்டும் ஆறு இலக்க எண். செயலியும் சர்வரும் முதல்நாள் ஓர் இரகசிய எண்ணைப் பகிர்ந்துகொண்டு, அதையும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு, வழக்கமாக 30 வினாடிக்கு ஒருமுறை ஒரே எண்ணை இருபக்கமும் பெறுகின்றன. குறுஞ்செய்தி எதுவும் வழியில் போவதில்லை என்பதால் சிம் மோசடி இதைத் தொடாது. ஆனாலும் அசலைப் போலவே வடிவமைத்த போலிப் பக்கத்தில் நீங்கள் அந்த எண்ணை இட்டால், மோசடிக்காரன் அதே அரை நிமிடத்திற்குள் உண்மையான பக்கத்தில் அதை இட்டு உள்ளே போய்விடுவான். இரண்டாவது, ‘உள்நுழைவது நீங்கள்தானா?’ என்று கைப்பேசியில் எழும் கேள்வி. 2022இல் ஊபர் நிறுவனத்தில் நடந்த ஊடுருவலில் ஒப்பந்தப் பணியாளர் ஒருவருக்கு இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வந்து, கடைசியில் அவர் ‘ஆம்’ என்று அழுத்திவிட்டார். இரவு இரண்டு மணிக்கு நாற்பதாவது முறை கைப்பேசி அதிர்ந்தால் யார்தான் அழுத்தமாட்டார்கள்?

மூன்றாவது, கைப்பேசியிலோ கணினியிலோ சேமிக்கப்படும் பாஸ்கீ அல்லது யூஎஸ்பி வடிவில் வரும் பாதுகாப்புச் சாவி. இதன் நுட்பம் அறிந்துகொள்ளத் தக்கது. சாவியைப் பதிவு செய்யும்போது அது அந்த இணையதளத்தின் பெயரோடு சேர்த்து ஒன்று இரகசியமாகவும் மற்றொன்று பொதுவாகவும் இருக்கும் ஒரு மறையீட்டுச் சாவி இணையை உருவாக்கிக்கொள்கிறது. பிறகு உலாவி எந்தத் தளத்தில் நிற்கிறதோ அந்தத் தளத்திற்குரிய கையொப்பத்தை மட்டுமே அது போடும். பெயரில் ஓர் எழுத்து மாறிய போலித் தளத்தில் மனிதக் கண் ஏமாறலாம், சாவி ஏமாறாது. அங்கே அதனிடம் கொடுப்பதற்கு எதுவும் இல்லை. நிர்வாகி கணக்குகளுக்கு இதையே நான் பரிந்துரைப்பேன். சில நூறு ரிங்கிட்டில் இரண்டு சாவிகள் வாங்கிவிடலாம்.

இரண்டு என்று சொல்வதற்குக் காரணம் என் சொந்த அனுபவம். சில ஆண்டுகளுக்கு முன் பழைய கைப்பேசியைக் கொடுத்துப் புதியது வாங்கினேன். படங்களும் செய்திகளும் ஒழுங்காக வந்து சேர்ந்தன. எண் காட்டும் செயலி மட்டும் வெறுமையாகத் திறந்தது. பழைய கைப்பேசியை அதற்குள் கடைக்காரர் என் கண்முன்னே அழித்து முடித்திருந்தார். அடையாள ஆவணங்களை அனுப்பி, கேள்விகளுக்குப் பதில் சொல்லி, என் சொந்தச் சோதனைக் கணக்கில் திரும்ப நுழைய எனக்கு ஒன்பது நாள் ஆனது. அது கடையின் கணக்காக இருந்திருந்தால்? அமேசான் ஒரு ரூட் பயனருக்கு எட்டுச் சாதனங்கள் வரை பதிவு செய்ய விடுகிறது. ஒன்று கடையின் இரும்புப் பெட்டியிலும் இன்னொன்று முதலாளியின் வீட்டிலும் இருக்கட்டும்.

இந்த இரண்டாவது பூட்டு இப்போது விருப்பத்தின்பாற்பட்டதும் அல்ல. அமேசான் 2024 முதல் ரூட் பயனர்களுக்கு அதைப் படிப்படியாகக் கட்டாயமாக்கியது. மைக்ரோசாஃப்ட்டும் 2024 அக்டோபரிலிருந்து அஷூர் நிர்வாகப் பக்கத்தில் நுழைபவர்களுக்குக் கட்டாயமாக்கத் தொடங்கியது.

அன்றாட வேலைக்கு அன்றாட உரிமை

ரூட்டைப் பூட்டியபின் தினசரி வேலையை யார் செய்வது? இங்கே இரண்டு விதிகள் போதும். ஓர் ஆளுக்கு ஓர் உள்நுழைவு. அந்த ஆளுக்குத் தேவையான அளவே உரிமை. இரண்டாவது விதி கிளவுட் பிறப்பதற்கு மிகவும் முன்பே எழுதப்பட்டது. ஜெரோம் சால்ட்ஸரும் மைக்கேல் ஷ்ரோடரும் 1975இல் வெளியிட்ட கட்டுரையில், ஒவ்வொரு நிரலும் ஒவ்வொரு பயனரும் வேலையை முடிக்கத் தேவையான மிகக் குறைந்த உரிமையுடனே இயங்க வேண்டும் என்றார்கள்.

சொல்வது எளிது. நடைமுறையில் என்ன நடக்கிறது என்றால், கணக்கெழுதும் பெண் விலைப்பட்டியல் கோப்பைத் திறக்கும்போது ‘அனுமதி இல்லை’ என்று வருகிறது. ஜிஎஸ்டி காலத்திலிருந்து வேலை பார்க்கும் அவருக்குக் கோபமும் வருகிறது. நிரலாளர் அவசரத்தில் முழு நிர்வாகி உரிமையைக் கொடுத்துவிட்டு ‘பிறகு குறைத்துக்கொள்ளலாம்’ என்கிறார். அந்தப் ‘பிறகு’ வருவதே இல்லை. மாறாக, விலைப்பட்டியல் இருக்கும் சேமிப்பிடத்தில் படிக்க மட்டும் உரிமை என்று தொடங்கி, தடுக்கப்படும்போதெல்லாம் என்ன தேவை என்று பார்த்து ஒவ்வொன்றாகக் கூட்டுவதுதான் சரி. கூட்டுவதற்கு யாராவது வந்து கேட்பார்கள். குறைப்பதற்கு யாரும் வந்து கேட்பதில்லை.

உரிமைகளை ஆள்பெயரில் எழுதாமல் வேலையின் பெயரில் எழுதுங்கள். கணக்கு, கிடங்கு, நிரலாக்கம் என்று குழுக்களை அமைத்து, அவற்றுக்கு உரிமை கொடுத்து, ஆட்களை அவற்றில் சேர்த்தால், ஒருவர் விலகும்போது அவரைக் குழுவிலிருந்து நீக்கினாலே போதும். புதியவர்கள் கவனிக்கத் தவறும் ஒரு பொறியும் இதில் இருக்கிறது. பயனர்களை உருவாக்கவும் அனுமதி விதிகளை எழுதவும் உரிமையுள்ளவர், பெயரளவில் நிர்வாகி இல்லை என்றாலும், நாளைக்கே தன்னை நிர்வாகி ஆக்கிக்கொள்ள முடியும். அந்த உரிமையைப் பெற்றவரை நிர்வாகி என்றே எண்ணிக் கணக்கில் சேருங்கள்.

மேலாளுக்குக்கூட நாள் முழுவதும் முழு அதிகாரம் தேவையில்லை. அமேசானில் இதற்கு ரோல் என்ற ஏற்பாடு இருக்கிறது. நீங்கள் சாதாரணப் பயனராக உள்நுழைகிறீர்கள். தரவுத்தளத்தின் அமைப்பை மாற்ற வேண்டிய நேரத்தில் நிர்வாகி ரோலை ஏற்கிறீர்கள். உடனே உங்களுக்குத் தற்காலிகச் சாவி ஒன்று கிடைக்கிறது. வேறு ஏற்பாடு செய்யாவிட்டால் அந்தச் சாவி ஒரு மணி நேரத்தில் தானாகவே செல்லாததாகிவிடும். அஷூரில் இதே வேலையைச் செய்யும் வசதியில், காரணம் எழுதி இன்னொருவர் ஒப்புதல் தந்தபின்தான் உரிமை கிடைக்கும்படியும் அமைக்கலாம். கோயில் உண்டியலை ஒருவர் தனியே திறப்பதில்லையே, அதுபோல. மதியம் மூன்று மணிக்கு உங்கள் கணினியில் ஏதோ நச்சு நிரல் நுழைந்தாலும், அந்த நேரத்தில் உங்களிடம் இருப்பது சாதாரணப் பயனரின் உரிமை என்றால் அதற்கும் அவ்வளவுதான் கிடைக்கும்.

நிரலுக்குள் ஒளிந்திருக்கும் சாவி

மனிதர்கள் கடவுச்சொல்லால் நுழைகிறார்கள். நிரல்கள் அணுகல் சாவியால் நுழைகின்றன. அது நீளமான எழுத்துக் கோவை. அமேசானில் நிரந்தரச் சாவியின் அடையாளம் ‘ஏகேஐஏ’ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளில் தொடங்கும், தற்காலிகச் சாவியுடையது ‘ஏஎஸ்ஐஏ’ என்று தொடங்கும். நிரந்தரச் சாவிக்குத் தானாக முடியும் காலம் கிடையாது. அதை நிரலுக்குள்ளேயே எழுதி, அந்த நிரலை, நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் எல்லோரும் பார்க்கும்படி ஏற்றிவிடுவது பழகுபவர்களின் தலையாய தவறு. இத்தகைய சாவிகளைத் தேடுவதற்கென்றே தானியங்கி நிரல்கள் இரவும் பகலும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. சிக்கிய சாவியைக் கொண்டு மின்னாணயம் தோண்டும் பெரிய சர்வர்களை இயக்கிவிட்டு, கட்டணத்தை உங்கள் தலையில் கட்டிவிடுவார்கள். பிறர் பார்க்க முடியாத மூடிய களஞ்சியத்தில் (நிரல் சேமிப்பகத்தில்) வைத்தாலும் நிம்மதி இல்லை: 2016இல் ஊபரின் 5 கோடியே 70 இலட்சம் பயனர், ஓட்டுநர் விவரங்கள் பறிபோனதற்கு, அவர்களுடைய தனிப்பட்ட கிட்ஹப் களஞ்சியத்தில் கிடந்த ஓர் அமேசான் சாவியே வழி திறந்தது.

ரூட் பயனருக்கு அணுகல் சாவி இருந்தால் இன்றே நீக்குங்கள். அதற்கு நியாயமான தேவை எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. கிளவுடுக்குள் ஓடும் சர்வருக்குச் சாவியே கொடுக்காமல் ரோலைப் பொருத்தலாம். தற்காலிகச் சாவிகளை அது தானே பெற்றுத் தானே புதுப்பித்துக்கொள்ளும். ஒரு சாவி கசிந்துவிட்டது என்று தெரிந்தால் முதலில் அதை முடக்குங்கள். கோப்பைக் களஞ்சியத்திலிருந்து அழிப்பது பயன் தராது, ஏனென்றால் பழைய பதிப்புகளில் அது அப்படியே இருக்கும். முடக்கியபின், நீங்கள் உருவாக்காத பயனர்கள் இருக்கிறார்களா என்று பாருங்கள். கோட் ஸ்பேசஸ் கதையில் திருடன் வைத்திருந்த மாற்று வழி அதுதான். நீங்கள் ஒருநாளும் பயன்படுத்தாத வட்டாரங்களிலும் சர்வர் ஏதும் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். மலேசிய வட்டாரத்தை மட்டும் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று நினைத்தவருக்கு, பிரேசிலில் ஓடும் சர்வர் மாதக் கடைசியில்தான் தெரியவரும்.

யார் செய்தது?

லெபோ பாசார் கடையின் கட்டணம் ஏன் கூடியது என்ற கேள்வி இன்னும் மிச்சமிருக்கிறது. காரணத்தைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம்தான் ஆனது: யாரோ தரவுத்தளத்தின் பெரிய நகல் ஒன்றை உருவாக்கி, சோதித்துப் பார்த்துவிட்டு, நிறுத்த மறந்திருந்தார்கள். அமேசானின் கிளவுட்டிரெயில் என்ற பதிவேடு, நிர்வாகச் செயல்களைக் கடந்த 90 நாட்களுக்குத் தனிக் கட்டணம் இல்லாமலே காட்டும். அதைத் திறந்தேன். நகலை உருவாக்கிய தேதியும் நேரமும் வினாடி சுத்தமாக இருந்தன. செய்தவர் பெயர் என்ற இடத்தில் ‘ரூட்’ என்று இருந்தது. 14 பேரும் ரூட். முதலாளி எல்லோரையும் கூப்பிட்டுக் கேட்டார், எல்லோரும் இல்லை என்றார்கள், கடைசியில் சந்தேகம் வேலையை விட்டுப் போன பிள்ளைமேல் விழுந்தது. அவர் செய்திருக்க வாய்ப்பு இல்லை என்று நான் நினைக்கிறேன்; ஆனால் அதை நிறுவ என்னிடமும் எதுவும் இல்லை. தனித்தனி உள்நுழைவு திருடனைப் பிடிப்பதற்கு மட்டுமல்ல, நிரபராதியைக் காப்பதற்கும்தான் என்பதை அன்று நேரில் கண்டேன்.

90 நாள் போதாது என்றால் பதிவேட்டைச் சேமிப்பிடத்தில் தொடர்ந்து எழுதும்படி அமைக்கலாம். முடிந்தால் அந்தச் சேமிப்பிடம் வேறொரு கணக்கில் இருக்கட்டும், அப்போது உள்ளே நுழைந்தவனால் தன் தடயத்தை அழிக்க முடியாது. ரூட் உள்நுழையும் ஒவ்வொரு முறையும் மின்னஞ்சல் வரும்படி ஓர் எச்சரிக்கை வைத்துவிடுங்கள். கட்டண எச்சரிக்கையும் வையுங்கள். அது தகவல் சொல்லுமே தவிர, நீங்கள் தனியே ஏற்பாடு செய்தாலன்றிச் செலவைத் தானே நிறுத்தாது.

மென்பொருளை வெளியாள் பராமரிக்கிறார் என்றால், ரூட் உங்களிடமே இருக்க, அவருக்கு ஒரு ரோல் மட்டும் கொடுங்கள். ஒப்பந்தம் முடிந்த நாளில் அந்த ரோலை நீக்கிவிடலாம். வாடிக்கையாளர் விவரம் கசிந்தால் பதில் சொல்ல வேண்டியவர் பராமரிப்பாளர் மட்டும் அல்லர்: மலேசியாவின் திருத்தப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 2025 ஜூன் 1 முதல், அறிவிக்க வேண்டிய வகையிலான கசிவை 72 மணி நேரத்திற்குள் ஆணையரிடம் தெரிவிக்கும் கடமை தரவை வைத்திருக்கும் வணிகருடையது. சட்டத்தின் கோட்பாடுகளை மீறினால் விதிக்கக்கூடிய உச்ச அபராதமும் 10 இலட்சம் ரிங்கிட்டாக உயர்ந்திருக்கிறது.

எல்லாப் பூட்டுகளும் சரியாக இருந்து, பூட்டியவரே வெளியே மாட்டிக்கொள்ளும் நாளும் வரும். அதற்காக மைக்ரோசாஃப்ட் இரண்டு அவசரக் கணக்குகளை வைத்திருக்கப் பரிந்துரைக்கிறது. அன்றாடம் யாரும் தொடாத, எந்த ஒருவரின் கைப்பேசியையும் சாராத கணக்குகள் அவை. கடையில் ரூட்டையே அந்த இடத்தில் வைத்தோம். புதிய கடவுச்சொல்லைத் தாளில் எழுதி, ஒரு பாதுகாப்புச் சாவியுடன் உறையிலிட்டு, ஒட்டிய இடத்தில் முதலாளியும் அவர் மகளும் கையெழுத்திட்டு, இரும்புப் பெட்டியில் நகை ரசீதுகளுக்கு அடியில் வைத்தார்கள். வாட்ஸ்அப் செய்தியை அழித்தோம், அதற்குள் கடவுச்சொல் மாறிவிட்டிருந்ததால் அது வெறும் சடங்குதான். மூன்று மாதத்திற்கு ஒருமுறை உறையைப் பிரித்து, உள்ளே போக முடிகிறதா என்று பார்த்து, மறுபடி ஒட்ட வேண்டும் என்று நாட்காட்டியில் குறித்துக் கொடுத்தேன்.

முதல் சோதனைக்குப் போனபோது கடையில் புதிய மடிக்கணினி வந்திருந்தது. மகள் உறையைப் பிரித்துச் சாவியை எடுத்தார். மடிக்கணினியின் இரு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சாவி பழைய அகன்ற யூஎஸ்பி முனை. கணினியில் இருந்தவை எல்லாம் சிறிய டைப்-சி துளைகள். பக்கத்துக் கைப்பேசிக் கடையில் ஓர் இணைப்பி வாங்கி வந்து உள்நுழைந்து பார்த்தோம். இப்போது உறைக்குள் அந்த இணைப்பியும் இருக்கிறது.